சிவப்பு என்றால் கோபமா? உருவமில்லாத ஓவியத்தில் நிறம் செய்யும் வேலை

உங்கள் கேள்வியில் மூன்று கேள்விகள் இருந்தன. மரம், முகம், வீடு என்று அடையாளம் காண எதுவுமே இல்லாத ஓவியத்தில் வெறும் நிறப் பரப்பைப் பார்த்துச் சிலர் கண்கலங்குகிறார்களாம், அது நிஜமா பாவனையா என்பது முதலாவது. நிஜம் என்றால் எந்த நிறம் எந்த உணர்ச்சியைத் தரும் என்று ஒரு பட்டியல் உண்டா என்பது இரண்டாவது. கடைசியில் கொஞ்சம் தயங்கி, "புத்தகத்தில் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லையே, என்னிடம்தான் ஏதும் குறையா?" என்றும் கேட்டிருந்தீர்கள்.

நிஜம்தான். பட்டியல் என்று ஒன்று கிடையாது. உங்களிடம் குறையும் கிடையாது. இனி கொஞ்சம் விரிவாகப் பேசலாம்.

பட்டியலில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். சிவப்பு கோபம், நீலம் அமைதி, மஞ்சள் மகிழ்ச்சி என்று சுற்றிவரும் அட்டவணைகளை முழுப் பொய் என்று தள்ளவும் முடியாது. கோபத்தில் முகம் சிவக்கிறது, அவமானத்தில் கறுக்கிறது, பயத்தில் வெளுக்கிறது. தொல்காப்பியர் உரியியலில் கறுப்பு, சிவப்பு என்ற இரண்டு சொற்களும் வெகுளியைக் குறிக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறார். அவை நிறத்தையும் உணர்த்தும் என்பது அடுத்த நூற்பாவில்தான் வருகிறது. கோபம் முன்னால், நிறம் பின்னால்! சங்கப் பாடல்களில் தலைவனைப் பிரிந்தவள் மேனியில் படரும் பசலையும் அந்த வகைதான். ஏக்கத்துக்கென்றே ஒரு நிறம் வைத்திருந்தார்கள்.

ஆனால் சொல்லில் இருக்கும் சிவப்பு வேறு, கித்தானில் இருக்கும் சிவப்பு வேறு. சொல்லில் ரத்தமும் செங்கல்லும் தக்காளியும் ஒன்றாக அடங்கிவிடும். ஓவியருக்கு அந்த வசதி இல்லை. அவர் கையில் இருப்பது எப்போதும் ஏதோ ஒரு குறிப்பிட்ட சிவப்பு. அதற்கு ஒரு அளவு உண்டு, அதன் பக்கத்தில் வேறொரு நிறம் உண்டு, பூசிய விதம் என்று ஒன்று உண்டு.

பட்டியல் போட முயன்ற பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். அரூப ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவரான வாசிலி காண்டின்ஸ்கி, 1911 கடைசியில் வெளிவந்த 'கலையில் ஆன்மிகம் பற்றி' என்ற நூலில் ஒவ்வொரு நிறத்துக்கும் குணம் எழுதினார். மஞ்சள் எக்காளம் மாதிரி நம்மை நோக்கிப் பாய்கிறது. நீலம் உள்வாங்குகிறது, வெளிர்நீலம் புல்லாங்குழல், இன்னும் அடர்ந்தால் செல்லோ. பச்சையைப் பற்றி அவர் எழுதியதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்: அசையாமல் படுத்துக்கிடக்கும் கொழுத்த பசு.

படிக்க அருமையாக இருக்கிறது, சரி. பக்கத்திலேயே இன்னொருவரை வைத்துப் பாருங்கள். காண்டின்ஸ்கியின் நெருங்கிய கூட்டாளி ஃபிரான்ஸ் மார்க் 1910-ல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் நீலம் ஆண், மஞ்சள் பெண் என்கிறார். அதே காலத்தில் சுவீடனில், அவர்களுக்கெல்லாம் முன்பே அரூபமாக வரையத் தொடங்கிவிட்ட ஹில்மா ஆஃப் கிளிண்ட் தன் பெரிய படங்களில் நீலத்தைப் பெண்ணாகவும் மஞ்சளை ஆணாகவும் வைத்திருந்தார். இருவருமே நிறத்தை உயிராக மதித்தவர்கள், இருவருக்கும் தங்கள் கணக்கில் சந்தேகமே இல்லை, கணக்கு மட்டும் நேரெதிர். கறுப்பும் அப்படித்தான். காண்டின்ஸ்கிக்கு அது இனி ஒன்றும் நடக்க வாய்ப்பில்லாத, செத்த மௌனம். நம் நாட்டு ஓவியர் எஸ். எச். ராசாவின் ஓவியங்களில் வரும் கறுப்பு வட்டமான பிந்துவோ எல்லாம் முளைக்கும் விதை.

அறிவியல் பெயரில் வந்த பட்டியல்களுக்கும் இதே கதிதான். 1979-ல் அமெரிக்காவில் கடற்படைச் சிறை ஒன்றின் அறைக்கு ஒரு குறிப்பிட்ட இளஞ்சிவப்பை அடித்தார்கள். கைதிகளின் முரட்டுத்தனம் குறைந்துவிட்டது என்று செய்தி பரவியது. சிறையின் இரண்டு அதிகாரிகள் பெயரால் அதற்குப் பேக்கர்-மில்லர் பிங்க் என்றே பெயர் வந்தது. பின்னால் கட்டுப்பாட்டோடு செய்த சோதனைகளில் அந்த விளைவு நிற்கவில்லை.

அப்படியானால் நிறம் எப்படி வேலை செய்கிறது? என் அனுபவத்தில் பாதிக்கு மேல் அக்கம்பக்கத்தைப் பொறுத்தது. பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல், கோபெலின் நெசவுப் பட்டறையின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தபோது, கறுப்பு நூல் போதுமான கறுப்பாக இல்லை என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் கோளாறே இல்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் ஓடிய நீலமும் ஊதாவும்தான் அதை மங்கவைத்திருந்தன. ஒரு நிறம் தன் எதிர்நிறத்தின் (பச்சைக்குச் சிவப்பு மாதிரி) சாயலைப் பக்கத்தில் இருப்பதன் மேல் ஏற்றிவிடும் என்பதை 1839-ல் பெரிய நூலாகவே எழுதினார்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு படத்தில் பெரிய பச்சைப் பரப்பு. அதன் நடுவில் ஒரு பட்டை மட்டும் எந்தச் சாயலும் இல்லாத வெறும் சாம்பலாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். கறுப்பையும் வெள்ளையையும் கலந்தேன். தட்டில் நல்ல சாம்பல், சிமென்ட் மாதிரி. கித்தானில் வைத்துவிட்டு நாலடி பின்னால் வந்து பார்க்கிறேன், புண் ஆறிய தோல் மாதிரி ஒரு மெல்லிய ரோஸ் நிறம். தூரிகையில் சிவப்பு ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக் கழுவினேன். மறுபடி கலந்தேன், மறுபடி அதே ரோஸ். கடைசியில் சாம்பலுக்குள் ஒரு பொட்டு பச்சையைக் கலந்ததும்தான் ரோஸ் அடங்கியது. அதாவது சாம்பலாகத் தெரிய வேண்டும் என்றால் அது சாம்பலாக இருக்கக் கூடாது! அப்புறம் நான் அந்தப் பட்டையை மறுபடி பழைய சாம்பலுக்கே மாற்றினேன். காரணம், அந்த ரோஸ் இருந்தபோது படத்தில் ஏதோ ஒரு வலி இருந்தது. அது போனதும் படம் வெறும் வடிவமைப்பாகிவிட்டது. நான் பூசாத ஒரு நிறத்திலிருந்து அந்த வலி வந்தது.

ஓவியர் ஜோசஃப் ஆல்பர்ஸ் இந்த ஒரே விஷயத்தை வைத்து 26 வருடம் வேலை செய்தார். 1950-ல் தொடங்கி 1976-ல் இறக்கும் வரை, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று நான்கு சதுரங்கள், அவ்வளவுதான் படம். ஆயிரத்துக்கும் மேல் வரைந்தார். வண்ணத்தை ட்யூபிலிருந்து நேராக எடுத்துப் பலகைக்கத்தியால் பூசுவார், பெரும்பாலும் எதையும் எதனோடும் கலக்கமாட்டார். எந்தக் கம்பெனியின் எந்த நிறம் என்று பின்பக்கம் எழுதியும் வைப்பார். கணக்குப்பிள்ளை வேலை மாதிரி இருக்கும். ஆனால் அந்தச் சதுரங்களில் சில மூச்சுவிடும், சில உள்ளே இழுக்கும், சில கதவைச் சாத்திக்கொள்ளும். வடிவம் மாறவே இல்லை என்பதால் இந்த வித்தியாசம் முழுக்க நிறங்களுக்கு இடையிலான உறவிலிருந்துதான் வந்தாக வேண்டும். இசையோடு ஒப்பிட வேண்டுமென்றால் காண்டின்ஸ்கியின் வாத்தியங்களைவிட இதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தனியாக ஒலிக்கும் ஒரு ஸ்வரத்துக்குச் சோகமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. முன்னால் வந்தது எது, கூட வருவது எது என்பதில்தான் ராகம் பிறக்கிறது.

அடுத்தது அளவு. உங்கள் புத்தகம் உங்களை ஏமாற்றிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அமெரிக்க ஓவியர் பார்னெட் நியூமன் 1950-51-ல் வரைந்த 'வீர் ஹெரோய்க்குஸ் சப்லிமிஸ்' என்ற படம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் உயரம், ஐந்தரை மீட்டர் அகலம்; பெரும்பகுதி சிவப்பு, நடுவே சில மெல்லிய செங்குத்துக் கோடுகள். பெரிய படத்தை எட்டி நின்று பார்ப்பதுதான் வழக்கம் என்பதால், 1951 கண்காட்சியில் கிட்டத்தில் நின்று பார்க்கச் சொல்லி ஓர் அறிவிப்பையே மாட்டினார். கிட்டே போனால் படத்தின் விளிம்பு கண்ணிலிருந்து மறைந்துவிடும். விளிம்பு தெரியும்வரை அது ஒரு பொருள், நீங்கள் அதைப் பார்ப்பவர். விளிம்பு போய்விட்டால் நீங்கள் சிவப்புக்குள் நிற்பவர். இன்னொரு அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோவும் இதையே வேறு மாதிரிச் சொன்னார்: பிரமாண்டம் காட்டுவதற்காகப் பெரிதாக வரையவில்லை, நெருக்கத்துக்காகத்தான், சின்னப் படத்துக்கு வெளியே நாம் நிற்கிறோம், பெரிய படத்துக்கு உள்ளே இருக்கிறோம் என்று.

உள்ளங்கை அகலத்துக்கு அச்சிட்டால் இதில் என்ன மிஞ்சும்? சிவப்பு வண்ணத்தில் ஒரு ஸ்டாம்ப். ஒன்றும் தோன்றாததில் ஆச்சரியமே இல்லை.

அச்சில் காணாமல் போவது அளவு மட்டுமல்ல, மேற்பரப்பும்தான். இதை விளக்க பிரெஞ்சு ஓவியர் ஈவ் கிளைனின் நீலத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. அல்ட்ராமரீன் நிறமியைக் காய்ந்த பொடியாகப் பார்த்திருக்கிறீர்களா? கண் அதன் மேல் நிற்காது, உள்ளே விழும். அதே பொடியில் ஆளிவிதை எண்ணெயை ஊற்றிக் குழைத்த நொடியில் அந்த மாயம் போய்விடும். அடர்ந்து, பளபளத்து, சாதாரண நீலமாகிவிடும். பொடியில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் காற்று இருக்கிறது, ஒளி சிதறி வெளியே வருகிறது. எண்ணெய் அந்த இடைவெளியை அடைத்துவிடுகிறது. கிளைன் பாரிஸில் வண்ணக்கடை வைத்திருந்த எத்வார் ஆதாமோடு சேர்ந்து, துகளை மூழ்கடிக்காமல் ஒட்டிமட்டும் வைக்கும் ஒரு செயற்கைப் பிசினைப் பிடித்தார். 1960-ல் அந்தக் கலவையை அரசுப் பதிவிலும் வைத்தார். ஓவியர்களில் பலர் இதை விளம்பர உத்தி என்று முகம் சுளிப்பார்கள். கிளைனுக்கு விளம்பரம் பிடிக்கும் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் நல்ல வெளிச்சத்தில் அந்த நீலப் பலகைக்கு முன் நின்றால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றே கண்ணுக்குப் பிடிபடாது. அந்தத் தடுமாற்றத்தை எந்த விளம்பரத்தாலும் உண்டாக்க முடியாது.

ராத்கோவின் ரகசியமும் பூச்சில்தான் இருக்கிறது. அவர் படத்தைக் கிட்டத்தில் பார்த்தால் 'ஒரே நிறம்' என்பதே பொய் என்று தெரியும். அடியில் கித்தானுக்குள்ளேயே ஊறிய ஒரு நிறம், அதன் மேல் டர்பென்டைனில் தண்ணீராகக் கரைத்த ஒரு பூச்சு, அதன் மேல் இன்னொன்று. கீழே இருக்கும் ஆரஞ்சு மேலே இருக்கும் மெரூன் வழியாகக் கசிகிறது. செவ்வகங்களின் ஓரத்தைப் பாருங்கள், எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. தூரிகை அங்கே தேய்ந்து, பஞ்சு பிரிந்த மாதிரி ஆகிவிடுகிறது. இரண்டு நிறங்களின் வெளிச்ச அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது கண்ணால் எல்லையை உறுதியாகப் பிடிக்க முடியாது. அந்த இடம் மிதக்கிற மாதிரி, லேசாக நடுங்குகிற மாதிரி இருக்கும். 'படம் மூச்சுவிடுகிறது' என்று பார்த்தவர்கள் சொல்வது வெறும் கவிதை இல்லை, கண்ணுக்குள் நடப்பதைத்தான் சொல்கிறார்கள்.

மேற்பரப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சோகக் கதையும் உண்டு. நியூமனின் 'யாருக்குப் பயம் சிவப்பு, மஞ்சள், நீலத்திடம்' வரிசையின் மூன்றாவது படத்தை 1986-ல் ஆம்ஸ்டர்டாம் ஸ்டேடெலிக் அருங்காட்சியகத்தில் ஒருவன் கத்தியால் கிழித்தான். பழுது பார்க்கப்பட்டு 1991-ல் திரும்பி வந்தது. கிழிசல் தெரியவில்லை, சிவப்பும் சிவப்பாகவே இருந்தது. ஆனால் பழைய படத்தை அறிந்தவர்கள் அது செத்துப்போய்விட்டது என்றார்கள். சிவப்பின் மேல் ரோலரால் புதிதாக வண்ணம் ஓட்டப்பட்டிருக்கிறது என்று பெரிய சர்ச்சை கிளம்பி, ஆய்வுக்கூடம் வரை போனது. நிறத்தின் பெயரில் மட்டும் உணர்ச்சி இருந்திருந்தால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

பிறகு வெளிச்சம். மாலை மங்கும்போது முதலில் கறுப்பது சிவப்பு. நீலம் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். கண் பகல் பார்வையிலிருந்து இரவுப் பார்வைக்கு மாறும்போது நடப்பது இது. கவனித்து எழுதிய செக் விஞ்ஞானி புர்கின்யே பெயரால்தான் இன்றும் குறிப்பிடுகிறார்கள். காண்டின்ஸ்கிக்கு முதல் வெளிச்சம் கிடைத்ததும் ஓர் அந்திப் பொழுதில்தான். ம்யூனிக்கில் தன் அறைக்குள் நுழைந்தபோது, என்னவென்றே புரியாத, நிறங்களால் மட்டும் ஒளிரும் ஒரு படத்தைக் கண்டு அசந்து நின்றாராம். பார்த்தால் அவர் வரைந்ததுதான், பக்கவாட்டில் சாய்ந்து நின்றிருந்தது. மறுநாள் பகலில் பார்த்தபோது அந்த மயக்கம் வரவில்லை, அதில் இருந்த பொருள்கள் வந்து மறித்தன.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் உங்கள் முதல் கேள்விக்கான பதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சிவப்புப் புடவை கட்டிய பெண்ணின் படத்தைப் பார்த்தால் சிவப்பு நம்மை என்ன செய்தாலும் அதை அந்தப் பெண்ணின் கணக்கில் எழுதிவிடுகிறோம். 'அழகாக இருக்கிறாள்', 'கோபமாக இருக்கிறாள்' என்று சொல்லி முடித்துவிடலாம். புடவையையும் பெண்ணையும் எடுத்துவிட்டால் எழுதுவதற்குக் கணக்கு இல்லை. உள்ளே ஏதோ அசைகிறது, காரணம் காட்ட ஆள் இல்லை. சிலர் அங்கே எரிச்சல்படுகிறார்கள். 'இதை என் பிள்ளைகூட வரையும்' என்ற வசனம் வருவது பெரும்பாலும் அப்போதுதான். சிலருக்கு அது தங்கள் சொந்தக் கணக்கிலேயே ஏறிவிடுகிறது. தன் படங்களுக்கு முன் அழுபவர்கள், வரையும்போது தனக்கு ஏற்பட்ட அதே சமய அனுபவத்தைப் பெறுகிறார்கள் என்று ராத்கோ 1950-களில் ஒரு பேட்டியில் சொன்னார். எனக்கு அழுகை வந்ததில்லை. தொண்டை அடைத்திருக்கிறது, ஒருமுறை காரணமில்லாமல் வீட்டுக்குப் போன் செய்யத் தோன்றியது. ஓவியரின் உணர்ச்சி அப்படியே பார்சலாக வந்து சேர்கிறது என்பதை நான் நம்பவில்லை. வந்து சேர்வது ஓர் அசைவுதான், அதற்குப் பெயர் வைப்பது பார்ப்பவர்.

பெயர் வைப்பதில் நாம் கொஞ்சம் அவசரக்காரர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ராத்கோ 1970 பிப்ரவரியில் தற்கொலை செய்துகொண்டார் என்று தெரிந்தபின் அவருடைய கடைசிக்காலக் கறுப்பையும் சாம்பலையும் பார்த்து 'மன அழுத்தம்' என்று எழுதாதவர் குறைவு. ஆனால் அவர் கடைசியாக வரைந்ததாகக் கருதப்படும் படம் பளீரென்ற சிவப்பு. வாழ்க்கை வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டு நிறத்தைப் படிப்பவர்கள் இந்தப் படத்துக்கு வந்ததும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அவருடைய இன்னொரு கதையையும் சொல்லாமல் விட மனமில்லை. 1964-ல் ஹார்வர்டில் ஓர் உணவுக்கூடத்துக்காக அவர் வரைந்த ஐந்து பெரிய படங்கள் மாட்டப்பட்டன. சுற்றிலும் பெரிய ஜன்னல்கள். அவர் பயன்படுத்திய லித்தால் ரெட் என்ற சிவப்பு வெயில் தாங்காத நிறமி. சில வருடங்களிலேயே அடர்சிவப்பு வெளுத்து, அங்கங்கே வெளிர்நீலமாகிவிட்டது. 1979-க்குள் கழற்றிக் கிடங்கில் வைத்துவிட்டார்கள். மேலே வண்ணம் பூசினால் ராத்கோவின் மேற்பரப்பு போய்விடும் என்பதால் யாரும் கைவைக்கவில்லை. 2014-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பழைய புகைப்படங்களிலிருந்து மூல நிறத்தைக் கணக்கிட்டு, எந்தப் புள்ளியில் எவ்வளவு சிவப்பு குறைகிறதோ அந்த அளவு நிற ஒளியை மட்டும் ப்ரொஜெக்டர் வழியாகப் படத்தின் மேல் பாய்ச்சினார்கள். கித்தானைத் தொடவே இல்லை, நிறம் திரும்பி வந்தது. அந்தக் கண்காட்சி நடந்த நாட்களில் தினமும் மாலை 4 மணிக்கு ப்ரொஜெக்டரை அணைத்தார்கள். வந்தவர்கள் கண்ணெதிரே சிவப்பு வடிந்து, வெளுத்த படம் தெரிந்தது.

சரி, உங்கள் மூன்றாவது கேள்வி. அசல் படம் எங்காவது பார்க்கக் கிடைத்தால் பெயர்ப்பலகையைப் படிக்காமல் நேராகப் படத்துக்குப் போங்கள். விளிம்பு கண்ணில் படாத அளவுக்குக் கிட்டே நில்லுங்கள். கைப்பேசி பைக்குள் இருக்கட்டும். முதல் ஒரு நிமிடம் சலிப்பாகத்தான் இருக்கும். கண் ஒரு நிறத்திலேயே நின்றால் அந்த நிறத்துக்கு அது களைத்துப்போகும். பார்வையைக் கொஞ்சம் நகர்த்தினால் எதிர்நிறம் ஒரு நிழல் மாதிரி ஓரத்தில் எழும். சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் பக்கத்து வெள்ளைச் சுவரில் பச்சை கலந்த நீலம் தெரியும். அது தெரிய ஆரம்பித்துவிட்டது என்றால் படமும் உங்கள் கண்ணும் சேர்ந்து வேலையைத் தொடங்கிவிட்டன. இன்னும் ஐந்து நிமிடம் கொடுங்கள். 'இது என்ன உணர்ச்சி' என்று கேட்காமல், 'எந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை' என்று மட்டும் பாருங்கள்.

அசல் கிடைக்காவிட்டால் வண்ணக் காகிதம் போதும். அடர்பச்சைத் தாள் ஒன்று, ஆரஞ்சுத் தாள் ஒன்று, ஒரே சாம்பல் தாளிலிருந்து வெட்டிய இரண்டு சிறு துண்டுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துண்டை வைத்துச் சுவரில் ஒட்டிவிட்டு நாலடி தள்ளி உட்காருங்கள். இரண்டும் ஒரே சாம்பல் என்று உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் வெட்டினீர்கள். இருந்தும் கண் ஒத்துக்கொள்ளாது. அந்த இரண்டில் எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் அதிக நேரம் இருக்கத் தோன்றியது என்று எழுதுங்கள்.